நரம்பு நச்சுகளும் சினாப்ஸும்: நாகக் கடியும் கட்டுவிரியன் கடியும்

நரம்பு நச்சு என்பது நரம்புச் செல்லின் வேலையைத் தடுக்கின்ற, அல்லது அந்தச் செல்லையே சிதைக்கின்ற நச்சுப்பொருள் ஆகும். பாம்பு, தேள், சிலந்தி, கூம்புச் சங்கு முதலிய விலங்குகளும் சில பாக்டீரியாக்களும் சில தாவரங்களும் இவற்றை உண்டாக்குகின்றன. தமிழ்நாட்டில் நரம்பு நச்சு என்றதும் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு பாம்புகள். ஒன்று, நல்ல பாம்பு என்று நாம் சொல்லும் நாகம். மற்றொன்று கட்டுவிரியன். பெயரில் விரியன் என்று இருந்தாலும் கட்டுவிரியன் விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு முக்கியமாக இரத்தத்தைப் பாதிக்கும். (தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குச் சில வேளைகளில் கண் இமை சரிவதும் உண்டு. ஆகவே இந்தப் பிரிவினையைக் கோடு போட்டதுபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நாகத்தின் நஞ்சும் கட்டுவிரியனின் நஞ்சும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன: தசைகள் செயலிழக்கின்றன, மூச்சு நின்றுபோகிறது. ஆனால் அவை அங்கே போய்ச் சேரும் வழி வேறு. நரம்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஓர் இடைவெளி இருக்கிறது. நாகத்தின் நரம்பு நச்சு அந்த இடைவெளியின் தசைக் கரையைத் தாக்குகிறது. கட்டுவிரியனின் மிகக் கொடிய நச்சு நரம்புக் கரையைத் தாக்குகிறது. கடிபட்டவர் ஓரிரு நாளில் எழுந்து உட்காருவாரா, வாரக் கணக்கில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பாரா என்பதை இந்த வேறுபாடே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சினாப்ஸ் என்னும் சந்திப்பு

ஒரு நரம்புச் செல் மற்றொரு நரம்புச் செல்லையோ தசையையோ சந்திக்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். இச்சொல்லை 1897-இல் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்தாம் வகுப்பில் நியூரானின் படம் வரையச் சொன்னால் மாணவர்கள் ஆக்சானின் நுனியை அடுத்த செல்லோடு ஒட்டியே வரைந்துவிடுவார்கள். மின்சாரக் கம்பிகளை முறுக்கிச் சேர்ப்பதுபோல் இருந்தால்தானே செய்தி போகும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அறிவியலாளர்களும் இதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் சண்டையிட்டிருக்கிறார்கள்.

1921-இல் ஓட்டோ லோவி தவளையின் இதயங்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பு மெதுவானதும் அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து வேறோர் இதயத்தின்மேல் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது. நரம்பிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் வெளியே வருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். இப்பணிக்காக லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் கை, கால், இமை, உதரவிதானம் ஆகியவற்றின் தசைகளில் நடப்பதும் இதுவே. நரம்பின் நுனியில் மிக நுண்ணிய பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் நிரம்பியுள்ளன. மின்னலை நுனியை வந்தடைந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. உடனே பைகள் செல் சவ்வோடு ஒட்டித் திறந்து, அசிட்டைல்கோலினை இடைவெளியில் கொட்டுகின்றன. அது தசைச் சவ்வில் உள்ள ஏற்பிப் புரதத்தில் பொருந்துகிறது. ஏற்பியின் நடுவே ஒரு துளை திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்ந்து தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்து இடத்தைத் துடைத்துவிடுகிறது. இவ்வளவும் நாம் ஒரு முறை கண் சிமிட்டும் நேரத்தில் பலமுறை நடந்து முடிந்துவிடும். அசிட்டைல்கோலின் பை பையாகத்தான் வெளியேறுகிறது, சொட்டுச் சொட்டாகக் கசிவதில்லை என்று நிறுவியவர் பெர்னார்டு கட்ஸ். அவர் 1970-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வரிசையில் எந்தக் கட்டத்தைத் தடுத்தாலும் தசை அசையாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு நச்சு இயற்கையில் இருக்கிறது.

தைவானில் பிரித்தெடுத்த நச்சுகள்

கட்டுவிரியன் நஞ்சில் என்னென்ன இருக்கின்றன என்பதை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் தைவான் நாட்டினர். அங்குள்ள பல பட்டைக் கட்டுவிரியன் நம் ஊர்க் கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவு. 1963-இல் சாங் சுவான்-சியுங், லீ சென்-யுவான் ஆகிய இருவரும் அதன் நஞ்சை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தனர். நஞ்சு ஒரே பொருளாக இல்லாமல் பல பகுதிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு ஆல்பா பங்காரோடாக்சின், பீட்டா பங்காரோடாக்சின் என்றெல்லாம் பெயரிட்டார்கள். பங்காரஸ் என்பது கட்டுவிரியனின் அறிவியல் பேரினப் பெயர்.

தசையும் நரம்பும் சேர்ந்த துண்டில் இரண்டையும் தனித்தனியே இட்டுப் பார்த்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. ஆல்பாவை இட்டால் தசை, தன்மீது நேரே விட்ட அசிட்டைல்கோலினுக்கும் மசியவில்லை. அப்படியானால் அடைபட்டது தசையின் ஏற்பி. பீட்டாவை இட்டாலோ, தசை அசிட்டைல்கோலினுக்கு வழக்கம்போலச் சுருங்கியது. நரம்பைத் தூண்டினால் மட்டும் சுருங்கவில்லை. அப்படியானால் பழுது நரம்பு நுனியில். ஒரே பாம்பின் ஒரே துளி நஞ்சில் வாங்குபவரை அடைக்கும் பொருளும் இருக்கிறது, கொடுப்பவரை அழிக்கும் பொருளும் இருக்கிறது.

தசைக் கரை: பூட்டில் நின்றுவிட்ட சாவி

ஆல்பா பங்காரோடாக்சின் 74 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். மூன்று விரல்களை நீட்டிய கைபோல் அதன் வடிவம் இருப்பதால் இவ்வகைக்கு முவ்விரல் நச்சு என்று பெயர். நாகத்தின் நரம்பு நச்சுகளும், கடல் பாம்புகளின் நரம்பு நச்சுகளும் இதே மூன்று விரல் குடும்பம்தான். ஏற்பியில் அசிட்டைல்கோலின் உட்காரும் குழிவில் ஒரு விரல் போய் நுழைந்துகொள்கிறது. சாவித் துவாரத்தில் வேறு சாவி நுழைந்து, திரும்பவும் மறுத்து, வெளியே வரவும் மறுத்தால் எப்படியோ அப்படி. நாகத்தின் நச்சுகளில் சில காலப்போக்கில் விலகிவிடும். ஆல்பா பங்காரோடாக்சினோ ஏறத்தாழ நிரந்தரமாகவே பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பிடிவாதமே ஆராய்ச்சியாளருக்குக் கைகொடுத்தது. 1960-களின் இறுதிவரை அசிட்டைல்கோலின் ஏற்பி என்பது ஒரு கருத்தாகத்தான் இருந்தது. யாரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பாரிஸ் நகரில் ழான்-பியேர் ஷான்ழே குழுவினர், லீ சென்-யுவானுடன் சேர்ந்து, மின் விலாங்கின் மின் உறுப்பிலிருந்து ஏற்பியை அடையாளம் காண 1970-இல் இந்த நச்சைப் பயன்படுத்தினார்கள். மின் விலாங்கின் அந்த உறுப்பு தசையிலிருந்து உருமாறியது. அசிட்டைல்கோலின் ஏற்பிகள் அதில் அடர்த்தியாகக் குவிந்துள்ளன. நச்சைத் தூண்டிலாகப் போட்டு ஏற்பியைப் பிடித்தார்கள் என்றே சொல்லலாம். நரம்பணு ஏற்பிகளில் முதன்முதலாகக் கைக்கு அகப்பட்டது அதுதான்.

1973-இல் இரு வேறு முடிவுகள் வந்தன. மின் விலாங்கின் ஏற்பிப் புரதத்தை முயல்களுக்கு ஊசி போட்ட ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் ஆகியோர், முயல்கள் தசை தளர்ந்து விழுவதைக் கண்டார்கள். முயல்களின் எதிர்ப்புப் புரதங்கள் அவற்றின் சொந்த ஏற்பிகளையே தாக்கின. அதே ஆண்டில் கதிரியக்க அடையாளமிட்ட ஆல்பா பங்காரோடாக்சினைக் கொண்டு, மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதை டக்ளஸ் ஃபாம்ப்ரோ, டேனியல் டிராக்மன் குழுவினர் எண்ணிக் காட்டினார்கள். மாலையானதும் இமை சரிந்து, இரட்டைப் பார்வை தோன்றி, சோறு மெல்ல முடியாமல் போகும் அந்த நோய்க்குக் காரணம் இவ்வாறு துலங்கிற்று. இன்று சென்னையில் எந்த நரம்பியல் மருத்துவரும் எழுதிக் கொடுக்கும் ஏற்பி எதிர்ப்புப் புரதப் பரிசோதனைக்குப் பின்னால் ஒரு கட்டுவிரியன் இருக்கிறது.

எல்லா ஏற்பிகளும் அடைபட்டால்தான் தசை தளரும் என்பதில்லை. அதற்காகப் பத்தில் ஒன்று அடைபட்டாலே தளர்ந்துவிடும் என்பதும் இல்லை. தசையில் தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பாக இருக்கின்றன. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அடைபட்ட பிறகே தளர்ச்சி வெளியே தெரியும். நஞ்சேறிய பின்னும் சிறிது நேரம் ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான். பேசுகிறாரே, ஒன்றும் இல்லை என்று வீட்டார் எண்ணிவிடக் கூடாது.

நரம்புக் கரை: பழுது பார்க்க முடியாத நுனி

பீட்டா பங்காரோடாக்சின் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. ஒரு துண்டு நரம்பு நுனியில் உள்ள பொட்டாசியம் வழிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. மற்றொரு துண்டு பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி. செல் சவ்வின் கொழுப்புகளை வெட்டுவது அதன் தொழில். கொக்கி மாட்டியதும் கத்தி வேலை தொடங்குகிறது. சவ்வு குலைய, கால்சியம் கட்டுப்பாடின்றி உள்ளே புகுகிறது, பைகள் காலியாகின்றன, மைட்டோகாண்டிரியாக்கள் வீங்கிச் சிதைகின்றன, இறுதியில் நரம்பின் நுனியே அழிகிறது. தசை நார் கெடாமல் நிற்கிறது, அதை அழைக்க ஆளில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாரிஸ் குழுவினர் எலிகளில் இதை மின்னணு நுண்ணோக்கியால் படிப்படியாகப் பின்தொடர்ந்தனர். நுனிகள் ஒரு நாளுக்குள் அழிந்து, பிறகு நரம்பு மெல்ல மீண்டும் முளைத்து வந்து தசையைச் சேர்ந்தது.

மருத்துவத்தில் இதன் பொருள் மிகவும் கறாரானது. முறிவு மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைப் பிடித்து முடக்கும். அழிந்த நரம்பு நுனியைத் திரும்பக் கொண்டுவர அதனால் இயலாது. நுனி முளைக்கும்வரை நோயாளி மூச்சுவிட வேறொன்று உதவ வேண்டும். எனவே கட்டுவிரியன் கடியில் முறிவு மருந்தைக் காலத்தே கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் செயற்கைச் சுவாசக் கருவி. கருவி இல்லாத இடத்தில் கையால் அழுத்தும் சுவாசப் பையைக் கொண்டு, ஆள் மாற்றி ஆள் அழுத்திப் பெரிய மருத்துவமனைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாலும் உயிர் பிழைக்கும்.

நாகக் கடியில் நிலைமை சற்று இடம்கொடுக்கும். அங்கே நரம்பு நுனி நலமாக இருக்கிறது, அசிட்டைல்கோலினும் வருகிறது, ஏற்பியில்தான் போட்டி. நியோஸ்டிக்மின் என்ற மருந்து அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. இடைவெளியில் அசிட்டைல்கோலின் பெருகுகிறது. இடம் பிடிக்கும் போட்டியில் அதன் கை ஓங்குகிறது. 1934-இல் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், மயஸ்தீனியா நோயாளிக்கு இதே வகை மருந்தைக் கொடுத்து இமை திறக்கச் செய்தார்; அந்த நோய் குராரே என்ற அம்பு நச்சின் விளைவைப் போலிருக்கிறதே என்பது அவருடைய யோசனை. நாகக் கடியில் அட்ரோபினுடன் சேர்த்து நியோஸ்டிக்மின் கொடுக்கும் வழக்கம் அதே தருக்கத்தின் தொடர்ச்சி. கட்டுவிரியன் கடியில் இது பெரும்பாலும் பலன் தராது. வெளியே வராத அசிட்டைல்கோலினை எப்படிப் பெருக்குவது?

ஒரே கத்தரி, இரு வேறு நோய்கள்

இடம் மாறினால் விளைவு மாறும் என்பதற்குப் பாக்டீரியா நச்சுகள் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அசிட்டைல்கோலின் பைகள் செல் சவ்வோடு ஒட்டுவதற்குச் சில புரதங்கள் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். டெட்டனஸ் நச்சும் பாட்டுலினம் நச்சும் இந்தப் புரதங்களை வெட்டும் துத்தநாக நொதிகள் என்று 1992-இல் இத்தாலியில் ஜாம்பியெட்ரோ ஷியாவோ, செசரே மோன்டெகுக்கோ குழுவினர் கண்டறிந்தார்கள். டெட்டனஸ் நச்சும் பாட்டுலினம் பி வகையும் வெட்டுவது ஒரே புரதத்தைத்தான்.

ஆனால் பாட்டுலினம் நச்சு தசைச் சந்திப்பிலேயே தங்கி அசிட்டைல்கோலினை நிறுத்துகிறது. உடல் துவண்டு விழுகிறது. டெட்டனஸ் நச்சு நரம்பின் வழியே ஏறித் தண்டுவடத்துக்குப் போய், தசையைக் கட்டுப்படுத்தும் தடுப்பு நரம்புகளின் வாயை அடைக்கிறது. உடல் வில்லாக விறைக்கிறது. பிறந்த குழந்தைகளை இந்த விறைப்பு வாரிக்கொண்டு போன காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடுப்பூசியாலும் மருத்துவமனைப் பிரசவத்தாலும் தாய், சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக இந்தியா 2015-இல் சான்று பெற்றது. பாட்டுலினமோ மிகக் குறைந்த அளவில் இன்று மருந்தாகவே மாறிவிட்டது. கண் இமைத் துடிப்பு, கழுத்துச் சுளுக்கு, முகச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். பைகள் சவ்வோடு இணையும் பொறிமுறையை விளக்கிய ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சுடோஃப் ஆகியோருக்கு 2013-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எந்தப் புரதம் இன்றியமையாதது என்பதை உறுதிசெய்ய உதவிய சாட்சிகளில் இந்த நச்சுகளும் உண்டு.

கீரி மூலிகை தின்கிறதா?

நாகத்தோடு சண்டையிட்ட கீரி ஓடிப்போய் ஒரு மூலிகையைக் கடித்து நஞ்சை முறித்துக்கொள்ளும் என்பது ஊரெங்கும் சொல்லப்படும் கதை. மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்வியும் இதுதான். 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் கீரியின் அசிட்டைல்கோலின் ஏற்பியை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, மூலிகைக்கு வேலையில்லை என்று காட்டுகிறது. நச்சின் விரல் நுழையும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கீரிக்கு மாறியுள்ளன. அவற்றில் ஒன்றில் ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்கிக்கொண்டு வழியை மறிக்கிறது. அசிட்டைல்கோலின் சிறியது, புகுந்துவிடும். நச்சு பெரியது, புக முடியாது. நாகத்தின் சொந்த ஏற்பியிலும் இதுபோன்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. அதனால்தான் தன் நஞ்சு தன்னைக் கொல்வதில்லை. ஆயினும் கீரிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. அதன் வேகமும் சிலிர்த்து நிற்கும் மயிரும் பாதி வேலையைச் செய்கின்றன.

கடிபட்டவரிடம் காண்பவை

நாகம் கடித்தால் தெரியும். வலியும் வீக்கமும் இருக்கும். கடிவாயில் தசை அழுகலும் நேரலாம். கட்டுவிரியன் அப்படியன்று. இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரை உறக்கத்தில் கடிக்கும். பல் தடம் மெல்லியது. வலி, வீக்கம் ஏறத்தாழ இல்லை. கொசுவோ எறும்போ என்று புரண்டு படுத்தவர்கள் உண்டு, விழிக்காதவர்களும் உண்டு. பின்னிரவில் வயிற்று வலியோடு எழுவார்கள், வாந்தி வரலாம். இராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டு வைத்தியம் நடக்கும். பிறகு இமை சரியும், பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, குரல் மூக்கால் வரும், கழுத்து நிற்காது, மூச்சு மேலோட்டமாகும். தரையில் படுத்து உறங்கியவர் விடியலில் வயிற்று வலியென்று எழுந்து, அவர் இமையும் சரிந்தால், பாம்பைக் கண்டிருந்தாலும் காணாவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்று ஐயுற வேண்டும்.

இமை ஏன் முதலில் சரிகிறது? கண் தசைகளில் மேலே சொன்ன இருப்பு குறைவு என்பது ஒரு விளக்கம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நச்சுகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. கடுமையான கட்டுவிரியன் கடியில் நோயாளி விரலைக்கூட அசைக்க மாட்டார், கண் திறக்க மாட்டார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் போகலாம். பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். இவ்வாறு மூளைச்சாவெனத் தோன்றிய நோயாளிகள் சில நாட்களில் முழுமையாக மீண்ட நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. படுக்கையருகே நிற்கும் உறவினர்கள் நம்பிக்கையான வார்த்தைகளைப் பேசுவது வெறும் ஆறுதலுக்காக அன்று.

வடநெம்மேலியின் மண்பானைகள்

இந்த நஞ்சு மருந்துக் கூடங்களுக்கு எங்கிருந்து போகிறது என்ற கேள்விக்கு விடை சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. கொட்டிவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாமல்லபுரத்துக்கு முன்பாக வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை ஒட்டி, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. தொடங்கிய ஆண்டு 1978. அதற்குமுன் இருளர்கள் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற வழியை அவர்களோடு சேர்ந்து உருவாக்கியவர் ரோமுலஸ் விட்டேக்கர்.

வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடிக்கிறார்கள். துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் வைத்து, சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நஞ்சு உறைநிலையில் உலர்த்தப்பட்டுப் பொடியாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஊசி போட்டு, குதிரை உடலில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து முறிவு மருந்து செய்கிறார்கள். இந்திய முறிவு மருந்து ஒரு மில்லி லிட்டருக்கு 0.6 மில்லி கிராம் நாக நஞ்சையும் 0.45 மில்லி கிராம் கட்டுவிரியன் நஞ்சையும் முறிக்க வேண்டும் என்பது விதி. இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் அழைத்ததும் இவர்களைத்தான்.

நாடு முழுவதற்கும் முறிவு மருந்து செய்யத் தேவையான நஞ்சில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே வட்டாரத்திலிருந்து போகிறது. இது சங்கத்தின் பெருமை. மருந்தின் குறையும் இதுவே. ஒரே இனப் பாம்பாயினும் இடத்துக்கு இடம் நஞ்சின் கலவை மாறும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர், வெவ்வேறு மாநிலங்களில் எடுத்த நாகம், கட்டுவிரியன் நஞ்சுகளின்மேல் விற்பனையில் உள்ள முறிவு மருந்துகளைச் சோதித்து, சில இடங்களின் நஞ்சுக்கு அவை மிகக் குறைவாகவே வேலை செய்வதைக் காட்டியுள்ளனர். இராஜஸ்தானின் சிந்துக் கட்டுவிரியன் போன்றவை நான்கு பாம்புகள் பட்டியலிலேயே இல்லை.

கொட்டிவாக்கம் குப்பத்தைப் போன்ற மீனவர் ஊர்களுக்கு வேறொரு செய்தி உண்டு. வலையில் மீனோடு வரும் கடல் பாம்புகளின் நஞ்சும் மூன்று விரல் நச்சுடையதே. சிலவற்றில் தசையைச் சிதைக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். இந்திய முறிவு மருந்து கடல் பாம்பு நஞ்சுக்காகச் செய்யப்பட்டதன்று. கடல் பாம்பு கடித்தால் மூச்சையும் சிறுநீரகத்தையும் காக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். செத்ததுபோல் கிடக்கும் பாம்பையும் கையால் எடுத்து வீசக் கூடாது.

கடித்தபின் செய்ய வேண்டியது

கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசுகளைக் கழற்றி, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் காத்திருப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோவதும் வேண்டாம். மருத்துவர் இமையைப் பார்த்தும் இரத்தம் உறைவதைப் பார்த்தும் முடிவு செய்வார். மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சில்லாத பாம்பின் கடியும், நஞ்சு இறக்காத வெறும் கடியும் நிறைய உண்டு என்பதே அதற்கு விளக்கம்.

கட்டுவிரியனிடமிருந்து தப்ப மலிவான வழி, கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகிக்கொள்வதும். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடத்திய ஆய்வொன்று, கொசுவலைக்குள் உறங்கியவர்களுக்குப் பாம்புக் கடி வெகுவாகக் குறைவு என்று 2007-இல் காட்டியது.

அண்மைக் காலப் பணிகள்

2024 பிப்ரவரியில் இந்திய அறிவியல் நிறுவனமும் அமெரிக்க, பிரித்தானிய ஆய்வகங்களும் சேர்ந்து, குதிரை இல்லாமல் ஆய்வகத்திலேயே உருவாக்கிய மனித எதிர்ப்புப் புரதம் ஒன்றை வெளியிட்டன. பல நாட்டு நாகம், கட்டுவிரியன், மாம்பா ஆகியவற்றின் நீண்ட வகை மூன்று விரல் நச்சுகளை அது பிடிக்கிறது, எலிகளைக் காப்பாற்றியது. அசிட்டைல்கோலின் ஏற்பி நச்சை எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே இந்தப் புரதமும் பிடிக்கிறது, அதாவது ஏற்பியின் பொய் உருவாக நிற்கிறது. ஆனால் இது தசைக் கரை நச்சுக்கான விடை. நரம்பு நுனியை அழிக்கும் பீட்டா பங்காரோடாக்சினுக்கு இது மருந்தாகாது. அந்தக் கொழுப்பு வெட்டும் நொதியைத் தடுக்க வாரெஸ்ப்ளாடிப் என்ற மாத்திரையை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; 2024-இல் வெளியான முடிவில் முதன்மை அளவுகோலில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. நரம்பு நுனிக்கு ஆபத்து வருமுன் வீட்டிலேயே விழுங்கத்தக்க மருந்து என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அதை நோக்கிய வேலை தொடர்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், இறந்திருக்கக்கூடும் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்குகளில் இதில் சிறு பகுதியே காணப்படுகிறது. 2030-க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக் கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இதன்படி அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் இறப்பையும் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் இமை சரிந்த நோயாளிகள் அதிகம் வருகிறார்கள், அங்குள்ள மருத்துவமனையில் முறிவு மருந்து மட்டும் போதுமா, செயற்கைச் சுவாசக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டுமா என்பதை இந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடலாம்.